சாளைக்கு எட்டாத சிக்னல்



திருப்பூர் காதர்பேட்டையில் காலையில் கடை திறந்த கொஞ்ச நேரத்தில் வந்து பாருங்கள். கடைக்காரர் ஒரு கையில் செல்போனும் மறு கையில் ஒரு சர்ப்ளஸ் டீ-சர்ட்டுமாக நிற்பார். கொல்கத்தாவிலோ ஐதராபாத்திலோ இருக்கும் வியாபாரிக்கு வீடியோ காலில் கழுத்து ரிப்பை இழுத்துக் காட்டுவார், உள்பக்கம் திருப்பித் தையலைக் காட்டுவார். விலை படிந்ததும் பணம் யுபிஐ-யில் ஏறும். பண்டல் லாரி ஆபீசுக்குக் கிளம்பிவிடும்.

அப்படி ஒரு கடைக்காக வீட்டிலிருந்தே ஓவர்லாக் அடிக்கும் சகோதரி ஒருவர் குண்டடம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து எங்களுக்குக் கடிதம் எழுதியிருந்தார். மாடல் மாறினால் கடையிலிருந்து வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பிவிடுகிறார்கள். சாயங்காலம் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகும்போதுதான் அது அவர் போனில் வந்து விழுகிறது. அதற்குள் பழைய மாடலில் ஒரு மூட்டை தைத்து முடித்திருப்பார். பிரித்துத் தைப்பதற்குக் கூலி கிடையாது. "ஊருக்குள்ள நல்லா எடுக்குதுங்க, எங்க சாளைக்குத்தான் வரமாட்டேங்குதுங்க" என்று எழுதியிருந்தார். இந்த முறை ஆசிரியர் பக்கத்தை அந்த ஒரு வரிக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

நம் பகுதியின் குடியிருப்பு முறை மற்ற பல மாவட்டங்களைப் போன்றதல்ல. காங்கயம், தாராபுரம், பல்லடம், பொங்கலூர் என எந்தப் பக்கம் போனாலும், ஊர் ஓரிடத்தில் இருக்கும். குடும்பங்கள் சாளைகள் எனப்படும் தோட்டத்து வீடுகளில் சிதறி இருக்கும். ஒரு சாளைக்கும் அடுத்ததற்கும் நடுவே நாலைந்து ஏக்கர் காடு கிடக்கும். செல்போன் டவரோ ஊரையும் நெடுஞ்சாலையையும் பார்த்து நிற்கிறது. கணக்கில் அந்த ஊருக்கு சிக்னல் உண்டு. ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளித் தோட்டத்தில் குடியிருப்பவருக்கு இல்லை.

தொழிலுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். 2025-ல் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே தோட்டத்தில் தனியாக வசித்த முதிய தம்பதி கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு, அப்பா அம்மாவைத் தோட்டத்தில் விட்டுவிட்டுத் திருப்பூரில் கம்பெனிக்குப் போகும் பிள்ளைகள் பலர் சாளையில் கேமரா மாட்டத் தொடங்கினார்கள். நெட் இல்லாத இடத்தில் அந்தக் கேமரா பதிவு செய்துவைக்கும், அவ்வளவுதான். பிள்ளையின் போனுக்கு எச்சரிக்கை வந்து சேராது.

கடிதம் எழுதிய சகோதரியின் சாளைக்குப் போயிருந்தோம். சுற்றிலும் தென்னை, மேலே தகர சீட் கூரை. ஜன்னல் கம்பியில் ஒரு மஞ்சப்பை கட்டித் தொங்குகிறது, அதற்குள் போன். வீட்டில் அந்த ஓர் இடத்தில் மட்டும் எப்போதாவது ஒரு கோடு எட்டிப் பார்க்குமாம். அவருடைய மாமியார் வாசலில் நின்று தூரத்தைக் காட்டினார்: "ஏனுங்க தம்பி, டவரு அந்தா கண்ணுக்குத் தெரியுது. அப்புறம் ஏன் எடுக்க மாட்டேங்குது?"

நியாயமான கேள்வி. கண்ணுக்குத் தெரியும் டவர் நம் சிம் கம்பெனியுடையதாக இல்லாமல் இருக்கலாம். அதே கம்பெனியாக இருந்தாலும், டவரின் ஆன்டெனாக்கள் பெரும்பாலும் மூன்று திசைகளில், சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ந்து, டார்ச் வெளிச்சம் போல ஒரு பக்கமாகவே வீசுகின்றன. இரண்டு வீச்சுக்கு நடுவே நம் தோட்டம் மாட்டிக்கொள்ளலாம். இன்னொரு காரணமும் உண்டு. பேச்சு இரண்டு பக்கமும் போக வேண்டும். டவரிடம் சக்தி நிறைய இருக்கிறது; 4ஜி போன் அதிகபட்சம் 0.2 வாட் அளவில்தான் திருப்பி அனுப்ப முடியும். டவர் சொல்வது போனுக்குக் கேட்கும், போன் சொல்வது டவருக்குக் கேட்காது. கோடு காட்டியும் கால் போகாமல் இருப்பதற்கும், தோட்டத்தில் போன் பேட்டரி சீக்கிரம் தீர்வதற்கும் இதுவே காரணம். போன் முழுச் சக்தியையும் போட்டுக் கத்திக்கொண்டே இருக்கிறது.

கோடுகளை நம்ப வேண்டாம். கம்பெனிக்குக் கம்பெனி, போனுக்குப் போன் அது மாறும். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், அபவுட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று உள்ளே போனால் சிக்னல் அளவு டிபிஎம் என்ற எண்ணாக இருக்கும். மைனஸில் காட்டும்; பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. மைனஸ் 90 வரை இருந்தால் கவலை இல்லை. மைனஸ் 110-ஐத் தாண்டினால் இழுபறி. மைனஸ் 120 என்றால் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். அந்தச் சாளையின் உள்ளறையில் மைனஸ் 119. வாசலில் மைனஸ் 108. சகோதரியின் மகன் போனோடு தண்ணீர் டேங்க் மேல் ஏறி நின்று "மைனஸ் 97" என்று கத்தினான். இந்த எண்ணில் 10 கூடினால் சக்தி பத்து மடங்கு கூடியதாகப் பொருள். உள்ளறைக்கும் டேங்க் உச்சிக்கும் வித்தியாசம் 22. அதாவது நூற்றைம்பது மடங்குக்கு மேல். சிக்னல் அந்தத் தோட்டத்துக்கு வந்துகொண்டுதான் இருந்தது. தகரக் கூரையும் தென்னை மட்டைகளும் தடுத்துக்கொண்டிருந்தன. தகரம் ரேடியோ அலையைத் திருப்பி அடித்துவிடும். ஈரம் நிறைந்த பச்சை இலை அலையை உறிஞ்சும். பழைய ஓட்டு வீட்டில் எடுத்த போன், சீட் போட்ட பிறகு எடுக்காமல் போனதாகப் பல வாசகர்கள் சொல்வது உண்மைதான்.

ஆகவே, பணம் செலவழிக்கும் முன் சாளையைச் சுற்றி நடந்து, மொட்டை மாடி, டேங்க், களத்து மேடு என்று எல்லா இடத்திலும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்தில் வேறு கம்பெனி சிம் வைத்திருப்பவரையும் கூப்பிட்டு ஒரு முறை பார்த்துவிடுங்கள். 800, 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள் தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். 2300 வேகம் தரும், ஆனால் தூரத்தில் சோர்ந்துவிடும். உங்கள் பக்கத்தில் எந்தக் கம்பெனி எதை வைத்து ஓட்டுகிறது என்பதைப் பொறுத்து, சிம் மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடக்கூடும். 5ஜி அடையாளம் வந்து வந்து போனால் போனை 4ஜி-யில் நிறுத்திவையுங்கள்.

டேங்க் மேல் நல்ல எண் கிடைத்துவிட்டால், சிம் போடும் வெளிப்புற ரவுட்டரை அங்கேயே ஜி.ஐ. பைப்பில் மாட்டி, லேன் கேபிளை வீட்டுக்குள் இறக்குவதுதான் சரியான வழி. மின்சாரமும் நெட்டும் அந்த ஒரே கேபிளில் போகும். 100 மீட்டர் வரை குறையாது. பலர் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். ஆன்டெனாவை மேலே வைத்து, மெல்லிய ஆன்டெனா கேபிளை நீளமாக இழுத்து, ரவுட்டரைக் கீழே வைக்கிறார்கள். மேலே கிடைத்ததில் பெரும்பகுதி அந்தக் கேபிளிலேயே கரைந்துவிடுகிறது. வீட்டுக்குள் வைஃபை வந்ததும் போனில் வைஃபை காலிங்கை ஆன் செய்தால் சாதாரணப் பேச்சும் அதன் வழியே போகும். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இந்த வசதியைக் கொண்டுவந்தன. இடிக்காக பைப்புக்கு எர்த் போடாமல் விடவே விடாதீர்கள். திறந்த வெளித் தோட்டத்தில் உயரமாக நிற்கும் இரும்பு அது. சித்திரை மழையிலும் ஐப்பசி மழையிலும் தென்னையில் இடி விழுவதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வயதானவர்களுக்கு ஒரு பட்டன் போனைக் கூடவே வைத்திருங்கள் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள். 2ஜி வைத்திருக்கும் கம்பெனிகளின் 900 அலைவரிசை, நெட் வராத மூலைக்கும் பல நேரம் வந்து சேரும். கரண்ட் போனாலும் ரவுட்டரை நம்பி இருக்க வேண்டியதில்லை.

பூஸ்டர் விஷயத்தில் கறாராகவே சொல்கிறேன்: வாங்காதீர்கள். 'மாட்டினால் போதும், முழுக் கோடு' என்று விற்கப்படும் ரிப்பீட்டர்களைச் சொல்கிறேன். உரிமம் இல்லாமல் இவற்றை விற்பதும் வைத்திருப்பதும் 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டக் காலத்திலிருந்தே குற்றம். ஒழுங்குபடுத்தப்படாத பூஸ்டர் நம் சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கி டவரின் காதில் போடுகிறது. ஒரு சாளையில் நான்கு கோடு வருவதற்காக, அதே டவரை நம்பியிருக்கும் நாற்பது குடும்பங்களின் கால் துண்டிக்கப்படும். அமெரிக்காவில் 2013-ல் விதி வகுத்து, தானாக அடங்கிக்கொள்ளும் பரிசோதித்த பூஸ்டர்களை மட்டும், பதிவு செய்துகொண்டு பயன்படுத்த வழி செய்தார்கள். நம் அரசும் அப்படி ஒரு முத்திரை பெற்ற கருவியை அனுமதிக்க வேண்டும் என்பதே என் கருத்து. அதுவரை பூஸ்டர் விற்கும் கடைப்பக்கம் போக வேண்டாம்.

பைபர் வந்தால் இத்தனை பாடும் தேவையில்லை. பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கேபிள் கொண்டுசெல்லும் பொறுப்பு தமிழ்நாடு பைபர்நெட் கழகத்திடம் இருக்கிறது. ஊராட்சி அலுவலகம் வரை வந்த கேபிள் அங்கிருந்து தோட்டத்துக்கு எப்படி வரும் என்பதுதான் நம் பிரச்சினை. ஊருக்குள் ஒரு வீடும் தோட்டத்தில் ஒரு சாளையும் வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடம் நிறைய. அவர்கள் ஊர் வீட்டில் பைபர் எடுத்து, இரண்டு கூரைகளிலும் எதிரெதிரே சின்ன வைஃபை டிஷ் மாட்டினால், நடுவில் மரம் மறைக்காத வரை, இரண்டு மூன்று கிலோமீட்டர் தாராளமாக எட்டும். இதற்கான 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளை மத்திய அரசு 2018-லேயே உரிமம் இல்லாமல் பயன்படுத்த விட்டுவிட்டது.

எதுவும் எட்டாத சாளைகளுக்குக் கம்பெனிதான் வர வேண்டும். கஸ்டமர் கேரில் புகார் சொல்லும்போது புகார் எண்ணைக் கட்டாயம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் மேல்முறையீடு நகராது. கம்பெனிகள் தங்கள் இணையதளங்களில் சிக்னல் வரைபடத்தை வெளியிட வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. அந்த வரைபடத்தில் உங்கள் தோட்டம் வண்ணம் பூசப்பட்டு, கையில் இருக்கும் போன் மைனஸ் 119 காட்டினால், அந்த இரண்டையும் போட்டோ எடுத்துப் புகாரோடு சேருங்கள்.

தனித்தனியாகச் சொல்வதைவிடச் சேர்ந்து சொன்னால் காது கொடுப்பார்கள். ஊர், சாளைக்கும் ஊருக்கும் உள்ள தூரம், கூரை வகை, சிம் கம்பெனி, உள்ளே என்ன எண், வெளியே என்ன எண் - இவற்றை ஓர் அஞ்சலட்டையில் எழுதி எங்கள் காதர்பேட்டை அலுவலகத்துக்கு அனுப்புங்கள். நேரில் வருபவர்கள் அலுவலகத்துக்குக் கீழே உள்ள கடையில் கொடுத்தாலும் எங்களிடம் வந்துவிடும். தாலுகா வாரியாகத் தொகுத்து, திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் நாங்களே கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்