பணம் தமிழர்க்கு, படிவம் எவர்க்கு?

கணக்குத் தொடங்க வைப்பகம் தேடும் தமிழர் வட்டியைக் கேட்கின்றனர், தொலைவை அளக்கின்றனர். தம் மொழிக்கு அங்கு இடமுண்டா என்று கேட்பவரோ மிகச் சிலர். வாடிக்கையாளர்க்கு வைப்பகம் செய்யும் பணிகளுள் தலையாயது அதுவன்றோ?

படிக்கவியலாத படிவத்தில், காட்டிய இடத்தில் கையொப்பமிடும் உழவன் எதற்கு ஒப்பினான் என்பதை அறியான். கேளாத காப்பீடு கணக்கோடு பிணைக்கப்பட்டிருப்பின், பணம் குறைந்த பின்னரே அதனை உணர்வான். குற்றம் அவனதன்று, அயன்மொழிப் படிவத்தினது.

நெறிமுறையோ தமிழர் பக்கமே நிற்கின்றது. கணக்குத் தொடக்கப் படிவம், பணம் செலுத்தும் சீட்டு, கணக்கேடு முதலியன ஆங்கிலம், இந்தி ஆகியவற்றோடு மாநில மொழியிலும் இருத்தல் வேண்டுமென்று இந்திய ரிசர்வ் வங்கியின் 2015ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை கூறிற்று. காசோலையை இந்தியிலும் ஆங்கிலத்திலும் அச்சிடச் சொன்ன அதே அறிக்கை, அதனை மாநில மொழியில் எழுதலாம் என்றும் ஒப்பிற்று. அச்சில் தமிழுக்கு இடமின்மை கொடுமை. எழுத்தில் கிடைத்த உரிமையைத் தமிழரே கைவிடுதல் அதனினும் கொடுமை!

எனவே, கணக்குத் தொடங்குவோர் முதற்கண் தமிழ்ப் படிவம் கேட்க வேண்டும். தொடங்கியபின் காசோலையைத் தமிழிலேயே எழுத வேண்டும். மறுக்கப்படின் எழுத்து வழி முறையிட வேண்டும். 30 நாளில் விடை வாராவிடின், கட்டணமின்றி ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை நாடலாம்.

அதன் பின்னும் தமிழை மதியாத இடத்தில் தமிழரின் காசு ஏன் கிடக்க வேண்டும்? தமிழர் தம் கணக்கை மாற்றுக!