அத்தையின் அரிவாள்மனை

சிங்கப்பூரிலிருந்து அத்தை உல்லாசக் கப்பலில் வந்திருந்தார். மூன்று இரவுப் பயணம். காலையில் புலாவ் இண்டாவில் நிற்கும் கப்பல், மாலையில் கிளம்பிவிடும். பிரிக்பீல்ட்ஸ் பார்க்க அவருக்கு ஆசை. போக வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் சாலையிலேயே கழியும் என்பதால் கிள்ளான் லிட்டில் இந்தியாவுக்கு அழைத்துப் போனேன்.

ஜாலான் தெங்கு கிளானாவில் சேலை, முறுக்கு, சாம்பிராணி, கற்பூரம், மகளுக்கு ஒரு தங்கச் சங்கிலி எல்லாம் வாங்கினோம். கடைசியாக ஓர் அரிவாள்மனை. “அம்மா வெச்சிருந்தது மாதிரியே இருக்குப்பா” என்று தடவிப் பார்த்து வாங்கினார்.

துறைமுகத்தில் இறக்கிவிட்டு வீடு வந்து சேர்ந்தபோது கைப்பேசி ஒலித்தது. அத்தையின் குரல் கம்மியிருந்தது. எக்ஸ்ரே சோதனையில் அரிவாள்மனை, சாம்பிராணி, கற்பூரம் மூன்றையும் எடுத்துக்கொண்டார்களாம். “வரி கட்டுறேன்னு சொன்னேன், கேக்கல.”

அத்தை குழம்பியது இங்கேதான். கப்பல் சோதனை வேறு, சுங்கச் சோதனை வேறு. கப்பலில் ஏறும்போது பார்ப்பது பாதுகாப்பு. 2004 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் அனைத்துலகக் கப்பல், துறைமுகப் பாதுகாப்பு விதிகளின்படி பைகளைச் சோதிக்கிறார்கள். வெட்டுமா, தீப்பிடிக்குமா என்பதே கேள்வி, விலை பொருட்டல்ல. கரையில் வாங்கிய மதுவையும் பல கப்பல்களில் வாங்கி வைத்து, இறங்கும்போதுதான் தருவார்கள்.

சுங்கம் வருவது சிங்கப்பூரில் இறங்கும்போது. 48 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தவருக்கு 500 சிங்கப்பூர் வெள்ளி வரை பொருள் சேவை வரி இல்லை. அதற்குக் குறைவாக இருந்தவருக்கு 100 வெள்ளிதான். சிகரெட்டுக்குச் சலுகையே இல்லை. மலேசியாவிலிருந்து வருபவருக்கு மதுவுக்கும் இல்லை. மின்சிகரெட்டையோ சுவிங்கத்தையோ பையில் போட்டுவிடாதீர்கள். அங்கே இரண்டுக்கும் தடை.

சங்கிலியின் விலை மட்டுமே 500 வெள்ளியைத் தாண்டியிருந்தது. அத்தை தானாகவே ரசீதைக் காட்டி, மிகுதித் தொகைக்கு 9 விழுக்காடு வரி கட்டினார். கப்பலில் கொடுத்த சீட்டைக் காட்டியதும் அரிவாள்மனை திரும்பக் கிடைத்தது. சாம்பிராணியும் கற்பூரமும் கிடைக்கவில்லை.

உறவினரைத் துறைமுகத்தில் இறக்கிவிட்டதும் கிளம்பிவிடாதீர்கள். பை சோதனை முடிந்துவிட்டது என்று அவர்கள் சொல்லும்வரை காத்திருங்கள். கப்பலில் ஏற்ற முடியாததை நீங்களாவது வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அன்று நான் அரை மணி நேரம் நின்றிருந்தால், அத்தை கண்கலங்கியிருக்க மாட்டார்.