டூப்ளிகேட் கீ எர்ரர்: வாட்ச்மேனைத் திட்டாதீங்க மக்கா

பொட்டி தட்டுற மக்கள்ல இந்த எர்ரரைப் பாக்காதவங்க இருக்க முடியாது. மைஎஸ்கியூஎல்னா 1062, போஸ்ட்கிரெஸ்னா 23505, ஆரக்கிள்னா ஓஆர்ஏ-00001. நம்பர்தான் வேற வேற, சொல்ற சேதி ஒண்ணுதான்: "இந்த ஆள் ஏற்கனவே உள்ள இருக்காருப்பா!"

இதைப் பாத்ததும் நம்ம ஆளுங்க சிலர் செய்யற முதல் வேலை, யுனிக் இன்டெக்ஸைத் தூக்கிடறது. கேட்டா, "கோட்லயே செக் பண்ணிக்கலாம் பாஸ்"ம்பாங்க. திருடனைப் பாத்துக் கத்தின வாட்ச்மேனை வேலையை விட்டுத் தூக்குற கதை இது.

கோட்ல செக் பண்றது ஏன் பத்தாது? ஒரு காலேஜ் சைட்ல மாணவர் பரீட்சைக்குப் பதிவு பண்றார்னு வைங்க. ஒரு பதிவெண்ணுக்கு, ஒரு செமஸ்டருக்கு, ஒரு பதிவுதான் இருக்கணும். நெட் ஸ்லோ, அதனால சேவ் பட்டனை ரெண்டு தடவை அமுக்கிட்டார். ரெண்டு ரிக்வெஸ்ட்டும் ஒரே நேரத்துல "ஏற்கனவே இருக்கா?"ன்னு செலக்ட் போடுது. ரெண்டுக்கும் "இல்லை"ன்னு பதில். ரெண்டும் இன்சர்ட் பண்ணுது. இன்டெக்ஸ் இருந்தா ரெண்டாவது அங்கேயே அடிவாங்கித் திரும்பும். இல்லைன்னா அந்தப் பையன் பேர்ல ரெண்டு பதிவு, ரெண்டு ஃபீஸ். டெஸ்டிங்ல இது சிக்கவே சிக்காது. கடைசி நாள் கூட்டத்துலதான் வெடிக்கும்.

இன்னொரு கோஷ்டி மைஎஸ்கியூஎல்ல 'ரெப்ளேஸ்' போட்டுத் தப்பிக்கும். அது பழைய வரியைத் திருத்தறது இல்லை சாமி, அழிச்சுட்டுப் புதுசா போடுது! 'ஆன் டெலிட் கேஸ்கேட்' வெச்சிருந்தா அதை நம்பியிருந்த மத்த டேபிள் வரிகளும் சேர்ந்தே காலி. 'இன்சர்ட் இக்னோர்' போட்டா வேற சில தப்புகளும் வெறும் எச்சரிக்கையா மாறி ஓடிடும்.

அப்ப என்னதான் பண்றது? முதல்ல எர்ரர் மெசேஜை முழுசாப் படிங்க. எந்தக் கீ இடிச்சுதுன்னு அதுலயே பேர் இருக்கும்.

தானா ஏறுற ஐடிதான் இடிக்குதா? பழைய டேட்டாவை ஐடியோட இம்போர்ட் பண்ணிருப்பாங்க. போஸ்ட்கிரெஸ்ல அப்படிப் பண்ணா சீக்வென்ஸ் தானா நகராது, பழைய எண்லயே நிக்கும். 'செட்வால்' வெச்சு அதை மேக்ஸ் ஐடிக்கு நகர்த்திட்டா பிரச்னை ஓவர்.

பதிவெண் மாதிரி நிஜமான கீ இடிக்குதுன்னா, இன்டெக்ஸ் தன் வேலையைச் செஞ்சிருக்குன்னு அர்த்தம். அந்த ஒரு எர்ரரை மட்டும் பிடிச்சு, "நீங்க ஏற்கனவே பதிவு பண்ணிட்டீங்க"ன்னு பழைய பதிவையே காட்டுங்க. போஸ்ட்கிரெஸ்ல 2016-ல வந்த 9.5-லேருந்து 'ஆன் கான்ஃப்ளிக்ட்' இருக்கு, அதையும் பயன்படுத்தலாம்.

என் கட்சி இதுதான்: எர்ரர் வந்தா ஒரு மணி நேரம் நமக்குத் தலைவலி. வராமப் போனா, முகம் தெரியாத ஒருத்தர் ரசீதைத் தூக்கிட்டு ஆபீஸ் ஆபீஸா அலையணும். முதல் தலைவலியே மேல். மாற்றுக் கருத்து இருக்கறவங்க வாங்க, பேசலாம்!