வாதத்துக்கு வலிமை எது?

வாதம் செய்யத் தெரியாதவர் நம்முள் எவரும் இலர். விடுதி உணவறையில் தொடங்கிச் சங்க மேடை வரையில் நாள்தோறும் வாதந்தான். ஆயினும், ஒரு வாதத்துக்கு வலிமை எதனால் உண்டாகிறது என்று கேட்டால் பலரும் திகைக்கிறோம். இக்கேள்வியைத்தான் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான ‘கிளாட்’, மேலாண்மைப் படிப்புக்கான ‘ஜிமாட்’ முதலிய தேர்வுகள் நம்மிடம் கேட்கின்றன. சிறியதொரு வாதத்தைத் தந்து, “கீழ்க்கண்டவற்றுள் எது உண்மையாயின் இவ்வாதம் மிகவும் வலுப்பெறும்?” என்பார்கள்.

“இது வெறும் ஆங்கிலச் சோதனை, பயிற்சி நிலையத்தார் சொல்லும் தந்திரங்கள் போதும்” என்று கூறுவாரும் உளர். கிளாட் தேர்வில் 120 வினாக்களுக்கு 120 நிமிடங்களே. பிறமொழியில் விரைந்து படிப்பது நமக்குச் சுமைதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இவ்வினாவின் உயிர் மொழியில் இல்லை, சிந்தனையில் இருக்கிறது. ஏது, திட்டாந்தம் என்று வாதத்தின் உறுப்புகளைப் பகுத்துக் காட்டும் மணிமேகலையைப் பெற்ற நமக்கு இது அயலார் கலையும் அன்று.

வரலாற்றிலிருந்தே ஒரு வினா அமைத்துப் பார்ப்போம். 1854ஆம் ஆண்டு லண்டன் மாநகரின் சோஹோ பகுதியில் காலரா கண்டது. பிராட் தெருவிலிருந்த கைப்பம்பைச் சுற்றி வாழ்ந்தோர் மிகுதியாக மாண்டனர். “ஆகவே அந்தப் பம்பின் நீரே காரணம்” என்றார் ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர். கெட்ட காற்றே காரணம் என்பது அந்நாளில் பலர் கொண்ட கருத்து. ஸ்னோவின் வாதத்தை மிகவும் வலுப்படுத்துவது எது?

1. பம்பின் அருகே இன்னும் பலர் இறந்தனர்.
2. பம்பின் கைப்பிடியைக் கழற்றிய பின் இறப்புக் குறைந்தது.
3. தொலைவிலுள்ள ஹாம்ப்ஸ்டெட்டில் வாழ்ந்து, அந்த நீரை விரும்பி வரவழைத்துக் குடித்த ஒரு மூதாட்டியும் காலராவால் இறந்தார்.

முதல் விடை முன்னரே சொன்னதைத்தான் மீண்டும் சொல்கிறது. அருகில் இருந்தோர் அதே காற்றையும் சுவாசித்தார்கள் அல்லவா? இரண்டாவது, பலரையும் மயக்கும் விடை. ஆனால் செப்டம்பர் 8ஆம் நாள் கைப்பிடி அகற்றப்படுமுன்பே நோய் தணியத் தொடங்கியிருந்தது. மக்கள் பலர் ஊரைவிட்டே ஓடிவிட்டார்கள். மூன்றாவதோ காற்றையும் நீரையும் பிரித்துக் காட்டுகிறது. அம்மூதாட்டி சோஹோவின் காற்றைச் சுவாசிக்கவில்லை. நீரை மட்டும் பருகினார். அதே தெருவின் மதுவடிசாலைத் தொழிலாளர் எழுபதுக்கு மேற்பட்டோர் அக்காற்றிலேயே இருந்தும் ஒருவரும் இறக்கவில்லை. அவர்கள் பருகியது அங்குக் கிடைத்த பீர், பம்பு நீரன்று. மூன்றாம் விடைக்கு இதுவே துணைச் சான்று.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்று. முடிவை உரக்கச் சொல்வதால் வாதம் வலுப்பெறாது. அதனோடு ஒத்த செய்திகளை அடுக்குவதாலும் வலுப்பெறாது. சான்றுக்கும் முடிவுக்கும் நடுவே உள்ள ஓட்டையைக் கண்டு அதை அடைப்பதே வலிமை. ஓட்டையைக் காண வேண்டுமாயின் எதிராளியின் கண்ணைச் சற்றே கடன் வாங்க வேண்டும்.

நம் மேடைகளுக்கு இப்பாடம் மிகவும் தேவை. தாய்மொழிவழிக் கல்வியை நான் முழுமனத்துடன் ஆதரிப்பவன். அதற்காகப் பேசுவோர் தாய்மொழியில் பயின்று உயர்ந்தோரின் பட்டியலைப் படிக்கிறார்கள், கைதட்டல் எழுகிறது. “பிறமொழியில் பயின்று உயர்ந்தோரும் உண்டே” என்று ஒருவர் எழுந்து கேட்டால் பட்டியல் சாய்ந்துவிடுகிறது. குடும்ப வசதியும் ஆசிரியர் திறனும் ஒத்திருந்து, பயிற்றுமொழி ஒன்றில் மட்டுமே வேறுபட்ட மாணவரை ஒப்பிட்டுக் காட்டினாலன்றோ நம் வாதம் அசையாது நிற்கும்? நாம் நேசிக்கும் கொள்கைக்கு நலிந்த சான்றைத் துணையாக்குவது, அக்கொள்கைக்கே நாம் செய்யும் தீங்கு.

ஆகவே நண்பர்களே, இவ்வினாக்களை மதிப்பெண்ணுக்காக மட்டும் பயிலாதீர்கள். அடுத்த சொற்போருக்கு ஆயத்தமாகும்போது, “என் முடிவுக்கு வேறு காரணம் இருக்கக்கூடுமா?” என்று முதலில் உங்களையே கேளுங்கள். அதற்கு விடை கண்டபின் மேடை ஏறுங்கள்.