விடையில் பாதி அலகு

மாணவ நண்பர்களே, கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு அலகை எழுதாமல் விடுவது உங்களில் பலருக்கு வழக்கம். மதிப்பெண்ணைக் குறைத்தால், "எண் சரிதானே, ஐயா!" என்பீர்கள். எண் மட்டும் சரியாக இருந்தால் போதுமா?

நம் காவேரிப்பாக்கத்துக்கு மேற்கே, வேலூரில், ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1946-இல் அங்கே பட்டப்படிப்பும் வந்தது. செவிலியர் பயிற்சியில் தவறாமல் இடம்பெறும் பாடம் ஒன்று உண்டு: மருந்தளவுக் கணக்கு.

காய்ச்சல் கண்ட ஒரு குழந்தையின் எடை 12 கிலோகிராம். எடையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 15 மில்லிகிராம் வீதம் பாராசிட்டமால் கொடுக்குமாறு மருத்துவர் எழுதுகிறார் எனக் கொள்வோம். 12 × 15 = 180. கிலோகிராமும் கிலோகிராமும் அடிபட, மிஞ்சுவது மில்லிகிராம்.

ஆனால் புட்டியில் இருப்பது திரவம். 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் மருந்துள்ள சிரப் என்றால், ஒரு மில்லிலிட்டரில் 24 மில்லிகிராம். 180-ஐ 24-ஆல் வகுத்தால் 7.5 மில்லிலிட்டர். வகுப்பதற்குப் பதில் பெருக்கிவிட்டால், அலகில் மில்லிகிராமின் வர்க்கம் வந்து நிற்கும். வர்க்க மில்லிகிராமில் அளக்கும் மருந்து உலகில் ஏது? தவறு அப்போதே பிடிபட்டுவிடும்.

கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்திலோ ஒரு மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் இருப்பதுண்டு. அதில் வேண்டியது 1.8 மில்லிலிட்டரே. "ஏழரை" என்ற எண்ணை மட்டும் நினைவில் வைத்து அதையே ஊற்றினால், உள்ளே போவது 750 மில்லிகிராம். உரிய அளவைப்போல் நான்கு மடங்குக்கும் மேல்! மிகையான பாராசிட்டமால் கல்லீரலைக் கெடுக்கும். எண் அதே எண்தான். எந்தப் புட்டிக்கு உரியது என்பதில்தான் பிழை.

புள்ளியும் அப்படியே. .5 என்று எழுதினால் புள்ளி கண்ணில் படாமல் 5 ஆகிவிடலாம், ஆகவே 0.5 என எழுதவேண்டும். 5.0 என்பது 50 ஆகிவிடலாம். ஆகவே 5 என்றே நிறுத்தவேண்டும்.

கணக்கிடும் கருவி இருக்கிறதே என்பீர்கள். அது எண்ணைத் தரும். நீங்கள் தவறான புட்டியைப் பார்த்தீர்கள் என்று சொல்லாது.

மருந்தின் அளவை முடிவு செய்வது மருத்துவர் வேலை. வீட்டில் நீங்களாகவே முயலவேண்டாம். ஆனால் இந்தக் கணக்கு நம் பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் இடம்பெற வேண்டும் என்பது என் கருத்து. தொட்டியில் நீர் நிரம்பும் கணக்கில் அலகை விட்டால் போவது ஒரு மதிப்பெண். மருந்துக் கணக்கில் விட்டால் போவது என்ன என்பதை மாணவர் பள்ளியிலேயே உணரட்டும்.