ரெண்டு வயசுப் பிள்ளைக்குப் படிப்புச் செலவு எவ்வளவு?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் நடை பழகிய பிள்ளை இருந்தால் கடைசிவரை படியுங்கள். இல்லாவிட்டாலும் அக்கம்பக்கத்தில் ஒரு பிள்ளை இருக்கும். அந்தத் தாய் தகப்பனுக்குச் சொல்லுங்கள்.

ஓய்வு பெற்ற பிறகும் ஆண்டிபட்டி கடைவீதியில் நின்றால் யாராவது ஒருவர் பிள்ளை படிப்பு பற்றிக் கேட்டுவிடுவார்கள். முன்பெல்லாம் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பற்றிக் கேட்பார்கள். இப்போது கேட்பது வேறு. "டீச்சர், பிள்ளைக்கு ரெண்டு வயசு முடியப் போகுது. என்ன வாங்கிக் குடுத்துச் சொல்லிக் குடுக்கலாம்? எந்த ப்ளே ஸ்கூல்ல விடலாம்?"

போன மாதம் இப்படிக் கேட்ட ஒரு பெண் விசைத்தறி வேலைக்குப் போகிறவர். கையில் ஒரு நோட்டீஸ் வைத்திருந்தார். கட்டணம், சீருடை, புத்தகம், வேன் எல்லாவற்றையும் அங்கேயே நின்று கூட்டிப் பார்த்தோம். அவருடைய மூன்று மாதக் கூலி வந்தது. "குழுவுல லோன் கேட்டிருக்கேன் டீச்சர்" என்றார். பிள்ளைக்கு இன்னும் ரெண்டரை வயது ஆகவில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வயதுக்குள் இருக்கும் பிள்ளையின் படிப்புக்காக யாரும் கடன் வாங்க வேண்டாம். அந்த வயதில் பிள்ளைக்கு வேண்டிய பாடம் வீட்டிலேயே இருக்கிறது. பணத்தைத் திட்டமிடுவதைவிட, ஒரு நாளில் பிள்ளையோடு பேசும் நேரத்தைத் திட்டமிடுங்கள். மிச்சமாகும் பணம் முட்டைக்கும் பாலுக்கும் பழத்துக்கும் போகட்டும்.

இதைக் கேட்டதும், "இல்லாதவங்களுக்கு டீச்சர் ஆறுதல் சொல்றாங்க" என்று நினைக்க வேண்டாம். ஜமைக்கா நாட்டின் கிங்ஸ்டன் நகரில் 1986–87-ல் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். எல்லாம் ஏழைக் குடும்பங்கள். வயதுக்கேற்ற உயரம் வளராத, 9 முதல் 24 மாதம் வரையான 129 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதிக் குழந்தைகளின் வீட்டுக்கு ஒரு சுகாதாரப் பணியாளர் வாரம் ஒரு மணி நேரம் போனார். பிள்ளையோடு எப்படிப் பேசுவது, எப்படி விளையாடுவது என்று தாய்க்குக் காட்டிக்கொடுத்தார். கொண்டுபோன பொம்மைகள் பெரும்பாலும் வீட்டில் தூக்கிப்போடும் டப்பா, அட்டை, பாட்டில் வைத்துச் செய்தவை. இது இரண்டு ஆண்டு நடந்தது.

இருபது ஆண்டு கழித்து அதே பிள்ளைகளைத் தேடிப் பிடித்துப் பார்த்தார்கள். முடிவு 2014-ல் வெளிவந்தது. நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் ஹெக்மனும் அந்த ஆய்வில் ஒருவர். அப்படி விளையாடி வளர்ந்த பிள்ளைகள், அந்த உதவி கிடைக்காத பிள்ளைகளைவிட 25 சதவீதம் அதிகமாகச் சம்பாதித்தார்கள். ஆய்வில் இன்னொரு பகுதிக் குழந்தைகளுக்குப் பால் மாவு மட்டும் கொடுத்திருந்தார்கள். அது மட்டும் போய்ச் சேர்ந்த வீடுகளில் அந்த அளவு பலன் நீடிக்கவில்லை. சாப்பாடு கட்டாயம் வேண்டும். அதோடு தாயின் பேச்சும் விளையாட்டும் சேர வேண்டும் என்பதுதான் அதில் நமக்குப் பாடம்.

34 வருடம் பள்ளியில் இருந்தேன். அதில் பாதிக்கு மேல் ஒன்றாம் வகுப்பு. ஜூன் மாதம் புதிதாக வரும் பிள்ளைகளில் சிலர் ஏ முதல் இசட் வரை ஒப்பிப்பார்கள். "வர்ற வழியில என்ன பார்த்த?" என்று கேட்டால் வாய் திறக்காது. சிலருக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் வழியில் நாய் துரத்தியது, தாத்தா கம்பை எடுத்தது, செருப்பு சாக்கடையில் விழுந்தது எல்லாம் வரிசையாகச் சொல்வார்கள். தீபாவளிக்குள் எழுத்தைப் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் இரண்டாவது ரகம்தான். சொல் வளம் உள்ள பிள்ளைக்கு எழுத்து சீக்கிரம் ஒட்டும். சொல் இல்லாத பிள்ளைக்கு எழுத்து வெறும் கோடு.

சரி, வீட்டில் என்ன வைத்துச் சொல்லிக் கொடுப்பது?

சக்கம்பட்டி, டி.சுப்புலாபுரம் பக்கம் தறி ஓடும் வீடுகளில் நூல் தீர்ந்த காலி கோன் கிடக்கும். அதை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கலாம், ஒன்றுக்குள் ஒன்று செருகலாம், வரிசையாக நிறுத்தித் தட்டிவிடலாம். இதே வேலைக்குக் கடையில் ஒரு பிளாஸ்டிக் பொம்மை பல நூறு ரூபாய்க்கு விற்கிறது. கலர் நூல் துண்டுகளை வைத்தே நிறம் சொல்லிவிடலாம்.

பூ கட்டும் வீடுகளில் அதைவிட வசதி. இந்தப் பக்கம் ரெண்டு மொட்டு, அந்தப் பக்கம் ரெண்டு மொட்டு, ஒரு முடிச்சு. கணக்கில் ஒழுங்கு வரிசை என்று பிறகு சொல்லிக்கொடுப்பது இதைத்தான். ரெண்டு வயசுப் பிள்ளை கட்டாது. ஆனால் மொட்டைத் தனியாக, விரிந்த பூவைத் தனியாகப் பிரித்து வைக்கும். "எனக்கு ரெண்டு குடு" என்று கேளுங்கள். ரெண்டு எடுத்துக் கொடுக்கும் பிள்ளைக்கு எண் புரியத் தொடங்கிவிட்டது. நூறு வரை வாயால் சொல்வதைவிட அது பெரிது.

தோட்ட வேலைக்குப் போகிற வீடுகளில் முருங்கைக்கீரை உருவுவது, அவரைக்காய் நார் எடுப்பது, வெங்காயத்தைப் பெரிசு சிறிசாகப் பிரிப்பது. பென்சில் பிடிக்கப் போகும் விரலுக்கு இதுதான் பயிற்சி. நுங்கு வண்டி, சோளத்தட்டை வண்டி, சிரட்டையில் மண் சோறு எல்லாம் நம் பிள்ளைகள் வளர்ந்த விளையாட்டுகள். புனேயில் அரவிந்த் குப்தா என்ற அறிவியலாளர் குப்பையில் கிடக்கும் பொருளைக் கொண்டே நூற்றுக்கணக்கான பொம்மைகள் செய்து காட்டியிருக்கிறார். அதற்காக 2018-ல் பத்மஸ்ரீயும் கொடுத்தார்கள்.

அடுத்து நேரம். "வேலைக்குப் போயிட்டு வந்து எங்க டீச்சர் நேரம்?" என்று கேட்பது நியாயம். தனியாக நேரம் ஒதுக்கச் சொல்லவில்லை. ஏற்கெனவே செய்கிற வேலைக்குள்ளேயே இந்த ஐந்தையும் வைத்துக்கொள்ளுங்கள்.

1. குளிப்பாட்டும்போது: கை, முழங்கை, முட்டி, குதிகால் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் தண்ணீர் ஊற்றுங்கள். சூடு, குளிர், ஈரம், துவட்டு. ஒரு குளியலில் இருபது சொல் போய்ச் சேரும்.

2. சோறு ஊட்டும்போது: போனைக் காட்டாதீர்கள். ஒரு பாட்டு, ஒரு விரல் விளையாட்டு. உள்ளங்கையில் பருப்பு கடைவது உங்கள் அம்மாச்சிக்குத் தெரியும். கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். அழ. வள்ளியப்பாவின் குழந்தைப் பாடல்கள் நூலகத்தில் இருக்கும்.

3. சமைக்கும்போது: பக்கத்தில் உட்காரவைத்து டம்ளர், கிண்ணம், மூடி கொடுங்கள். எந்த மூடி எதற்குச் சேரும் என்று அதுவே கண்டுபிடிக்கட்டும். உதவாமல் பொறுத்திருங்கள்.

4. சாயங்காலம் தெருவில்: கால் மணி நேரம் நடக்கவிடுங்கள். ஆடு, வண்டி, கோயில் மணி, தேனிப் பக்கம் போகிற ரயில். பிள்ளை கை காட்டுவதற்குப் பெயர் சொல்லுங்கள், பிறகு ஒரு வாக்கியம் சேருங்கள். பிள்ளை "ஆடு" என்றால் நீங்கள் "ஆமா, கறுப்பு ஆடு, தழை திங்குது" என்று சொல்லுங்கள்.

5. தூங்கும் முன்: ஒரு கதை. அன்று நடந்ததையே கதையாகச் சொல்லலாம். ஒரே கதையைப் பத்து நாள் கேட்டாலும் சலிக்காமல் சொல்லுங்கள். திரும்பத் திரும்பக் கேட்பதில்தான் பிள்ளை கற்கிறது.

தறிச் சத்தத்துக்குள் வளரும் பிள்ளைகளுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். அந்த இரைச்சலில் நாம் பேசுவது பிள்ளைக்குத் தெளிவாகக் கேட்காது. தறி நிற்கும் நேரத்திலோ பின்வாசலிலோ முகத்துக்கு நேராக உட்கார்ந்து பேசுங்கள். பிள்ளை உங்கள் உதட்டைப் பார்த்துத்தான் சொல்லைப் பிடிக்கிறது.

எந்த மொழியில் பேசுவது என்றும் கேட்கிறார்கள். நம் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் நிறைய இருக்கிறோம். எது உங்களுக்குத் தடையில்லாமல் வருகிறதோ அதில் பேசுங்கள். வராத இங்கிலீஷில் நாலு சொல்லைத் திணித்துவிட்டு மீதி நேரம் மௌனமாக இருப்பதில் பிள்ளைக்கு நஷ்டம்தான். இங்கிலீஷுக்குப் பின்னால் நிறைய காலம் இருக்கிறது.

காசு கொடுத்து வாங்க வேண்டியது கொஞ்சம்தான். ஒரு சிலேட்டு, ஒரு பெட்டி சாக்பீஸ், ஒரு பந்து, நேஷனல் புக் டிரஸ்ட் போன்றவர்கள் போடும் விலை குறைந்த படப்புத்தகம் மூன்று. 400 ரூபாய்க்குள் பார்த்து வாங்கலாம். பிள்ளை கிழித்தால் ஒட்டிக் கொடுங்கள். பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம். நீங்கள் போனில் படித்து மனதில் வைத்துக்கொண்டு பிள்ளைக்கு வாயால் சொல்லுங்கள்.

வேண்டாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். எழுத வைக்காதீர்கள். மூன்று வயதுக்குள் விரல் அதற்குத் தயாராக இல்லை. தரையில் கிறுக்கட்டும். போன் விஷயத்தில் உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது: இரண்டு வயதுக்குள் திரை கூடாது, இரண்டு முதல் நாலு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, குறைவாக இருந்தால் நல்லது. புளியங்கொட்டை, சோழி, நிலக்கடலை, பட்டன் பேட்டரி பிள்ளை கைக்கு எட்டக் கூடாது. தொண்டையில் சிக்கினால் உயிர் போகும். குன்றிமணி விஷம், வீட்டிலேயே வைக்க வேண்டாம். தண்ணீர் விளையாட்டு நல்லது, ஆனால் பக்கத்தில் பெரியவர் ஒருவர் இல்லாமல் வாளியில் தண்ணீர் வைக்காதீர்கள்.

இப்போது அங்கன்வாடி. நாம் இன்னும் பால்வாடி என்றுதான் சொல்கிறோம். 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் இது. 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது அதில் பள்ளிக்கு முந்தைய பிள்ளைகளையும் சேர்த்தார். அவரை 1984-ல் ஜெயிக்க வைத்த தொகுதி நம்முடையது. அந்தப் பெருமையைப் பேசும் நாமே பிள்ளையை அங்கே அனுப்பக் கூச்சப்படுகிறோம். தமிழ்நாட்டில் இரண்டு வயது முடிந்த பிள்ளையை அங்கே சேர்க்கலாம். சாப்பாடு, வாரம் மூன்று முட்டை, 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டம் எல்லாம் இருக்கிறது.

"அங்க ஒண்ணும் சொல்லித் தர்றதில்லை டீச்சர்" என்பார்கள். சில இடங்களில் உண்மையும் கூட. ஒரே பணியாளர் பதிவேடு எழுத வேண்டும், எடை பார்க்க வேண்டும், கூட்டத்துக்குப் போக வேண்டும். பாடம் நடத்த நேரம் எங்கே? பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் மற்றவர்களும் தமிழ்நாட்டில் நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடி மையங்களை எடுத்துக்கொண்டு ஆய்வு செய்தார்கள். பாதி மையங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர மட்டும் கூடுதலாக அரை நாள் பணியாளர் ஒருவர். பாடம் நடந்த நேரம் இரட்டிப்பானது. ஒன்றரை ஆண்டில் அந்தப் பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் முன்னேறினார்கள். ஊட்டக்குறைவும் குறைந்தது.

ஆகவே வீட்டில் சொல்லிக்கொடுங்கள் என்று நான் எழுதுவதை, அரசு கையைக் கழுவிக்கொள்ளலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு மையத்துக்கும் இன்னொரு பணியாளர் வேண்டும். கிராம சபையில் சாலை, தண்ணீர் கேட்கும்போது இதையும் கேளுங்கள். வசதியுள்ளவர்கள் பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்விட்டால் அங்கே கேட்பதற்கு ஆள் இருக்காது.

தகப்பன்மாருக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்ன ஐந்து வேலையும் அம்மாவுக்கு மட்டும் என்று எழுதி வைக்கவில்லை. குறைந்தது சாயங்கால நடையும் ராத்திரிக் கதையும் உங்களுடையதாக இருக்கட்டும். டீக்கடையில் போகும் அரை மணி நேரத்தில் பாதி போதும்.

கடைசியாக, பிள்ளைகள் எல்லாம் ஒரே வேகத்தில் பேசாது. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம். ஆனால் ரெண்டு வயது முடிந்தும் "அம்மா வா", "பால் வேணும்" போல ரெண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை, முகம் பார்க்கவில்லை என்றால் "எங்க வீட்டுல எல்லாருமே லேட்டாத்தான் பேசுனோம்" என்று தள்ளிப்போடாதீர்கள். க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் காட்டுங்கள். காது கேட்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் செய்யக்கூடியது நிறைய.

நோட்டீஸோடு வந்த அந்தப் பெண்ணிடமும் இதைத்தான் சொன்னேன். லோன் வாங்குவதா வேண்டாமா என்று வீட்டில் பேசிவிட்டுச் சொல்வதாகப் போயிருக்கிறார். முடிவு அவர்களுடையது. உங்கள் வீட்டில் அம்மாச்சி, அப்பத்தா சொல்லித்தந்த விரல் விளையாட்டோ எண் விளையாட்டோ நினைவிருந்தால் எழுதுங்கள். எல்லாவற்றையும் தொகுத்து, படி எடுத்து, நம் பக்கத்து அங்கன்வாடிகளுக்குக் கொடுக்கிறேன்.