கிராண்ட் கேன்யனில் அந்திப் பொழுது

மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா போயிருக்கும் ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். பீனிக்ஸ் நகரத்தில் மூன்று மாதமாக இருக்கிறாராம். பேரன் பிறந்து எண்பது நாள். பத்தியச் சமையல், எண்ணெய்க் குளியல், துணி மடிப்பு என்று நாலு சுவருக்குள்ளேயே பொழுது போய்விட்டது. அக்டோபர் கடைசியில் ஊர் திரும்ப டிக்கெட். "நீங்க போறதுக்கு முன்னால கிராண்ட் கேன்யன் காட்டிடறேன் அத்தை. காலையில கிளம்பி, சூரியன் மறையறதைப் பார்த்துட்டு ராத்திரியே திரும்பிடலாம்" என்கிறாராம் மாப்பிள்ளை. முழங்கால் வலியும் பிரஷர் மாத்திரையுமாக இருக்கிற நான் போகலாமா, கைக்குழந்தையைக் கொண்டு போகலாமா என்று கேட்டிருக்கிறார்.

போகலாம். கட்டாயம் போங்கள். ஆனால் ராத்திரியே திரும்புகிற யோசனையை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள்.

என் தங்கை பீனிக்ஸில்தான் குடியிருக்கிறாள். அவள் வீட்டிலிருந்து இரண்டு தடவை போய்ப் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன். அங்கிருந்து தென் விளிம்புக்கு ஏறக்குறைய 230 மைல். நிற்காமல் ஓட்டினாலே மூன்றரை மணி நேரம். குழந்தைக்குப் பால் கொடுக்க, துணி மாற்ற என்று நின்று நின்று போனால் ஐந்து மணி நேரம் ஆகிவிடும். திரும்பும் வழியோ காட்டுப் பாதை, விளக்கு கிடையாது. எல்க் என்று நம்ம கடமானைவிடப் பெரிய மான் ஒன்று அந்தி நேரத்தில் சாலைக்கு வரும். மூன்று மாதமாக ராத்திரி தூக்கம் சரியாக இல்லாத இளம் தகப்பன் அந்த இருட்டில் நாலு மணி நேரம் ஓட்டுவதா? வேண்டாம் அம்மா. பூங்கா வாசலுக்கு வெளியிலேயே டுசாயன் என்ற சின்ன ஊர் இருக்கிறது. அங்கே வாடகை ஜாஸ்தி என்றால் ஒன்றரை மணி தூரத்தில் ஃபிளாக்ஸ்டாஃப். ஒரு ராத்திரி தங்குகிற செலவை வேறு எதிலாவது பிடித்துக் கொள்ளலாம்.

பாலைவனம் என்றதும் நாம் வெயிலைத்தான் நினைப்போம். பீனிக்ஸில் அக்டோபர் கடைசியிலும் பகலில் பருத்திப் புடவையே கசகசக்கும். ஆனால் கேன்யனின் தென் விளிம்பு ஏழாயிரம் அடி உயரம், நம்ம கொடைக்கானல் மாதிரி. சுற்றிலும் பைன் மரக்காடு! பொழுது சாய்ந்ததும் குளிர் சுரீரென்று இறங்கும். அந்த மாதத்தில் ராத்திரி தண்ணீர் உறைகிற அளவுக்குக்கூடப் போகும். ஸ்வெட்டர், காதை மூடும் ஸ்கார்ஃப், கால் உறை, குழந்தைக்குக் குல்லா, இரண்டு கம்பளி எல்லாம் காரின் பின்பக்கம் அடியில் போகாமல் கைக்கெட்டும்படி இருக்கட்டும். புடவைதான் கட்டுவேன் என்றால் உள்ளே கம்பளி லெகிங்ஸ் போட்டுக் கொள்ளுங்கள். யாருக்கும் தெரியப் போவதில்லை.

இன்னொன்று, காற்று ரொம்ப வறட்சி. வியர்ப்பதே தெரியாமல் உடம்பில் நீர் குறையும். உதடு வெடிக்கும், சிலருக்கு மூக்கில் ரத்தம் வரும். உதட்டிலும் மூக்கு ஓரத்திலும் வாஸலீன் தடவிக் கொள்ளுங்கள். நம் பெண்களுக்கு வெளியில் கிளம்பினாலே ஒரு பழக்கம் உண்டு. பாத்ரூம் தேட வேண்டுமே என்று தண்ணீரே குடிக்க மாட்டோம். சிலர் நீர் பிரியும் மாத்திரையையும் அன்றைக்கு மட்டும் நிறுத்தி விடுவார்கள். அந்த உயரத்தில் இந்த இரண்டும் ஆபத்து. தலை சுற்றிக் கண் இருண்டால், நிற்பது எந்த இடம் என்று யோசித்துப் பாருங்கள். மாத்திரையில் எந்த மாற்றமும் டாக்டரைக் கேட்காமல் கூடாது. புறப்படுமுன் ஒரு போன் போட்டு, ஏழாயிரம் அடிக்குப் போகிறேன் என்று சொல்லுங்கள். குழந்தை டாக்டரிடமும் அதே கேள்வியை மகள் கேட்கட்டும். பாத்ரூம் கவலையே வேண்டாம். வழியில் ஃபிளாக்ஸ்டாஃபில் நிறுத்திக் கொள்ளலாம், பூங்காவிலும் வசதி இருக்கிறது. பால் கொடுக்கிற மகளுக்கு ஃபிளாஸ்க்கில் வெந்நீரும் சீரகத் தண்ணீரும் தனியாக எடுத்துப் போங்கள். மலை ஏறும்போது குழந்தை வீறிட்டால் பெரும்பாலும் காது அடைப்புதான். காரை ஓரமாக நிறுத்திப் பால் கொடுத்தால் சரியாகிவிடும்.

எந்த இடத்தில் நின்று பார்ப்பது? அஸ்தமனம் என்றால் எல்லாரும் ஹோப்பி பாயின்ட் என்பார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் மார்ச் முதல் நவம்பர் முடிய அந்தச் சாலையில் சொந்தக் காரை விடுவதில்லை. பூங்காவின் இலவச பஸ்ஸில்தான் போக வேண்டும். சூரியன் மறைந்ததும் மொத்தக் கூட்டமும் ஒரே பஸ்ஸுக்கு நிற்கும். குளிரில், கைக்குழந்தையோடு, முழங்கால் வலியோடு அந்த வரிசை உங்களுக்கு ஆகாது. மேதர் பாயின்ட் கார் நிறுத்துமிடத்திலிருந்து கொஞ்ச தூர நடைதான், தளம் போட்ட பாதை. ஆனால் கூட்டம் அம்மும். என் ஓட்டு யாவபாய் பாயின்ட்டுக்கு. அங்கே 1928-ல் கட்டிய சின்ன நிலவியல் காட்சிசாலை ஒன்று இருக்கிறது. பள்ளத்தாக்கைப் பார்த்த மாதிரி பெரிய பெரிய கண்ணாடி ஜன்னல்கள். அது மூடும் நேரத்தை முன்கூட்டியே கேட்டு வைத்துக் கொண்டால் அதுவரை குளிர் படாமல் உள்ளேயே இருந்து பார்க்கலாம்.

அக்டோபர் கடைசியில் அங்கே சூரியன் மறைவது ஐந்தரை மணி சுமாருக்கு. ஜூன் மாதமென்றால் ஏழே முக்கால் ஆகும். நாலு மணிக்கே போய்விடுங்கள். அதற்கு ஒன்பது மணிக்காவது பீனிக்ஸை விட்டுக் கிளம்ப வேண்டும். சனி, ஞாயிறு என்றால் பூங்கா வாசலில் கார் வரிசை நிற்கும். வெளிநாட்டவருக்கு 2026 முதல் நுழைவுக் கட்டணத்தை உயர்த்தியிருக்கிறார்கள். விசிட்டர் விசாவில் போன உங்களுக்கு எவ்வளவு என்று மாப்பிள்ளை முன்னாலேயே பார்த்து வைக்கட்டும்.

சரி, சூரியனைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த ஒன்றரை மணி நேரம் என்ன பார்ப்பது? அதுதான் முக்கியமே. நடுப்பகலில் அந்தப் பள்ளத்தாக்கு வெளிறிப்போய்ப் படம் மாதிரி தட்டையாகத் தெரியும். ஒரு மைலுக்கு மேல் ஆழம், சில இடங்களில் பதினெட்டு மைல் அகலம் என்றாலும் கண்ணுக்குப் பிடிபடாது. வெயில் சாயச் சாயத்தான் நிழல் விழுந்து ஒவ்வொரு அடுக்கும் தனித்தனியாக எழுந்து நிற்கும். மேல் அடுக்கு 27 கோடி வருஷத்துக் கல். அடியில் இருக்கும் கறுத்த பாறை 170 கோடி வருஷத்துக்கும் முந்தியது. இதையெல்லாம் அறுத்த கொலராடோ ஆறு கீழே நூல் மாதிரி துளியூண்டு தெரியும். நடுவில் செங்குத்தாக ஒரு சிவப்புச் சுவர் இருக்கும், கவனியுங்கள். அது நிஜத்தில் சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல்லாம்! மேலே உள்ள அடுக்குகளின் இரும்புத் துரு மழையில் வழிந்து சாயம் ஏற்றிவிட்டது. சிவப்புப் புடவையோடு ஊறவைத்த வேட்டி கதைதான்.

கூட்டம் முழுக்க மேற்கே சூரியனையே பார்த்துக் கொண்டிருக்கும். நீங்கள் அதற்கு முதுகு காட்டி, கிழக்கே பாருங்கள். கடைசி வெளிச்சம் அந்தப் பாறைகளில்தான் விழும். ஆரஞ்சு, சிவப்பு, அப்புறம் கத்திரிப்பூ நிறம், அதற்கும் கீழே நீலம். சூரியன் போனதும் கை தட்டிவிட்டு எல்லாரும் கிளம்புவார்கள். குழந்தை அழவில்லையென்றால் இன்னும் பத்து நிமிஷம் இருங்கள். வானத்தின் மேல்பக்கம் மறுபடி ஒரு ரோஜா நிறம் வரும்.

விளிம்பில் எல்லா இடத்திலும் கம்பி வேலி கிடையாது. வேலி இல்லாத இடத்தில் ஓரத்திலிருந்து ஆறடி தள்ளியே நிற்க வேண்டும். போட்டோ எடுக்கப் பின்னால் நகர்வது கூடவே கூடாது. குழந்தையை மகளோ மாப்பிள்ளையோ மார்போடு கட்டிக் கொள்ளட்டும். அப்படிக் கட்டிக் கொண்டவர் கையில் கேமராவோ செல்போனோ வேண்டாம். சரளைக்கல் வழுக்கும் என்பதால் செருப்பு உதவாது, ஷூதான். கைத்தடி வைத்துக் கொள்ள வெட்கப்படாதீர்கள், அங்கே இளவட்டங்களே தடியோடுதான் நடக்கிறார்கள்.

புளியோதரையும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் அழகாகத் தாங்கும். வெளியில் பிரித்தால் அணில் ஓடி வரும். நம்ம ஊர் அணில் மாதிரி சாது இல்லை, விரலைக் கடித்துவிடும். தீனி போடுவது சட்டப்படியும் குற்றம். காரிலேயே சாப்பிட்டு விடுங்கள்.

ஆளுக்கொரு டார்ச் இருக்கட்டும். நட்சத்திரம் தெரிய வேண்டுமென்றே அங்கே விளக்குகளைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். அறைக்குப் போகிற சிறிது தூரத்தையும் மெதுவாகவே ஓட்டச் சொல்லுங்கள். நீங்கள் முன் சீட்டில் உட்கார்ந்து சாலை ஓரத்தில் மான் கண் மின்னுகிறதா என்று பார்த்துக் கொள்ளுங்கள். பின் சீட்டில் பேரனும் மகளும் தூங்கட்டும்.